ரஸ்தாளிக்குப் பக்கக் கன்றா, திசு வளர்ப்புக் கன்றா? (கன்று, குச்சி, பதியம், ஒட்டு எல்லாம் இங்கேயே பேசலாம்)

கொள்ளிடக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். லால்குடி பக்கம் ஒரு ஏக்கரில் ரஸ்தாளி போடலாம் என்று இருக்கிறேன். சித்தப்பா தோட்டத்தில் இப்போதுதான் தார் வெட்டி முடிந்தது, வேண்டிய மட்டும் கன்று பெயர்த்துக்கொள் என்கிறார், காசு கிடையாது. ஆனால் அந்தத் தோட்டத்தில் போன வருடம் அங்கங்கே சில மரம் அடி இலையிலிருந்து மஞ்சளாகி, இலைக்காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கி, கடைசியில் தண்டு அடியில் நீளவாக்கில் வெடித்துச் செத்துப்போனது. மற்ற மரமெல்லாம் நன்றாகத்தான் தார் விட்டது. நோய் வந்த மரத்தைத் தொட வேண்டாம், நல்ல மரத்துக் கன்றாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்பது சித்தப்பா கணக்கு. இன்னொரு பக்கம் திசு வளர்ப்புக் கன்று வாங்கு என்கிறார்கள். அதற்கு ஊரில் பேச்சு, அது மரபணு மாற்றிய கன்று, பழத்தில் ருசி இருக்காது, மறுதாம்பு (தார் வெட்டிய பிறகு அதே அடியில் வருகிற அடுத்த பயிர்) வராது என்று. எதை நம்புவது? காரணத்தோடு சொன்னால் சித்தப்பாவிடமும் எடுத்துச் சொல்ல முடியும்.

தேனி_வாழை:
அந்தத் தோட்டத்துக் கன்று ஒன்றுகூட வேண்டாம். நீங்கள் சொன்ன அடையாளம் மூன்றும் வாடல் நோய்தான், பனாமா வாடல் என்றும் சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் செத்த மரத்தின் கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பில் புள்ளியும் கோடுமாக இருக்கும். ஃபியூசேரியம் என்ற மண் பூஞ்சாணம் வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகும் குழாயையே அடைத்துவிடுகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் மரம் வாடுவது அதனால்தான்.

நல்ல மரமாகப் பார்த்து எடுக்கலாம் என்பது இந்த நோய்க்குச் சரிப்படாது. இன்றைக்குப் பச்சையாக நிற்கிற மரத்தின் வேரில் பூஞ்சாணம் ஏறியிருக்கலாம், அறிகுறி பல மாதம் கழித்துத்தான் தெரியும். இளங்கன்றில் அனேகமாகத் தெரியவே தெரியாது. கன்றோடு ஒட்டி வருகிற மண்ணிலும் பூஞ்சாணத்தின் வித்து இருக்கும், அது வாழையே இல்லாமல்கூட மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். கன்று இலவசம், சரி. அதோடு வருகிற நோயை உங்கள் ஏக்கரிலிருந்து எடுக்க எவ்வளவு செலவு செய்தாலும் முடியாது. அதுவும் ரஸ்தாளி இந்த நோய்க்கு முதலில் விழுகிற ரகம்.

கொள்ளிடக்கரை:
நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். நோய் தாய்க்கு வந்தது சரி, கன்று தனிச் செடிதானே? ஆட்டுக்கு நோய் இருந்தால் குட்டிக்கும் இருந்தே தீரும் என்று இல்லையே. அப்படியிருக்க வாழையில் மட்டும் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

தாவரவியல்_டீச்சர்:
தம்பி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கன்றைத் தாயின் பிள்ளை என்று நினைத்தால் மேலே எதுவுமே புரியாது. கன்று தாயின் ஒரு கிளை, அவ்வளவுதான். அந்தக் கிளை மண்ணுக்கு அடியில் கிளம்புவதால் நம் கண்ணுக்குத் தனிச் செடியாகத் தெரிகிறது.

வாழையின் உண்மையான தண்டு நாம் கிழங்கு, கட்டை என்று சொல்கிறோமே, அதுதான். மேலே நிற்பது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலை மட்டைகள், அதனால்தான் நார் நாராக உரிகிறது. மா மரத்தில் இலைக் கக்கத்தில் மொட்டு இருந்து கிளை வருவது போலவே வாழைக் கிழங்கிலும் ஒவ்வொரு இலை மட்டையின் அடியிலும் ஒரு மொட்டு உண்டு. அதில் சிலது விழித்து, கிழங்கைத் துளைத்துக்கொண்டு பக்கவாட்டில் வெளியே வந்து மேலே திரும்புகிறது. அதற்குத் தாயின் குழாய்களோடு தொடர்பு இருக்கிறது, சொந்தமாக வேரும் அகன்ற இலையும் வருகிற வரைக்கும் தாயின் சாப்பாட்டில்தான் வளர்கிறது. மகரந்தம் இல்லை, சூல் இல்லை, இரண்டு பக்கத்து மரபுப் பண்பு கலக்கிற வேலை எதுவும் நடக்கவில்லை. செல் இரண்டாகப் பிரிந்து பிரிந்தே ஆனது. அதனால் தாயின் மரபு அப்படியே நகலாக வருகிறது. குழாயில் ஓடுகிற பூஞ்சாணமும் வைரஸும் கூடவே வருகின்றன.

ஆட்டுக்குட்டியோடு ஒப்பிட்டீர்கள். விதை என்றால் அந்த ஒப்பீடு ஓரளவு நிற்கும். ஏனென்றால் விதைக்குள் இருக்கிற கரு ஒரே ஒரு செல்லிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது, தாயின் நீர்க்குழாய் நேராக அதற்குள் போவதில்லை, பெரும்பாலான வைரஸ்கள் விதைக்குள் நுழைய முடியாமல் வெளியிலேயே நின்றுவிடுகின்றன. விதையால் பரவுகிற நோய்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் விதை ஒரு பெரிய வடிகட்டி. கன்று, குச்சி, கிழங்கு, பதியம், ஒட்டு எதிலும் அந்த வடிகட்டி கிடையாது.

வாழைக்கு விதையே இல்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். காட்டு வாழையில் மிளகை விடப் பெரிதாகக் கறுப்புக் கொட்டை நிறைய இருக்கும், சதை கொஞ்சம்தான். நாம் சாப்பிடுகிற ரகம் அனேகமாக எல்லாவற்றிலும் குரோமோசோம் மூன்று தொகுதி. மூன்றை இரண்டு சமபாதியாகப் பிரிக்க முடியாதில்லையா, அதனால் நல்ல மகரந்தமும் சூலும் உருவாவதில்லை, விதை பிடிப்பதில்லை. கருவுறாமலேயே பழம் பருக்கும் குணமும் சேர்ந்துகொண்டது. கொட்டை இல்லாமல் தின்ன நமக்குச் சுகம், ஆனால் செடிக்குத் தன்னைத் தொடர இருக்கிற ஒரே வழி இந்தக் கிழங்கு மொட்டு. மஞ்சளும் இப்படித்தான், அதுவும் மூன்று தொகுதிப் பயிர். ஈரோட்டுப் பக்கம் விரலியோ குண்டோ ஊன்றித்தானே மஞ்சள் போடுகிறார்கள்? விதை போட்டு யாரும் போடுவதில்லை.

இன்று தமிழ்நாட்டில் நிற்கிற ரஸ்தாளி எல்லாம் எப்போதோ ஒரு காலத்தில் தோன்றிய ஒரே செடியின் தொடர்ச்சி. அதனால்தான் ஒரு ரஸ்தாளிக்கு வருகிற வாடல் எல்லா ரஸ்தாளிக்கும் வரும். அதில் ஒன்று தப்பித்துக்கொள்ளும்படியான வேற்றுமை கிடையாது. இதே பூஞ்சாணம்தான் குரோ மிஷேல் என்ற ரகத்தை ஏற்றுமதிச் சந்தையிலிருந்து 1960-களுக்குள் துடைத்தெடுத்தது. மத்திய அமெரிக்காவில் மைல் கணக்கில் அந்த ஒரே ரகம், ஒரே நகல். அதற்குப் பதிலாக வந்ததுதான் கேவண்டிஷ், நம்ம ஊர் ரோபஸ்டா, கிராண்ட் நைன் எல்லாம் அந்தக் குடும்பம்.

தேனி_வாழை:
டீச்சர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேவண்டிஷையும் தாக்குகிற புது வகை வாடல் வந்துவிட்டது, டி.ஆர்.4 என்பார்கள். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கிராண்ட் நைன் தோட்டங்களில் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2019-ல் கொலம்பியாவுக்கும் போய்விட்டது. யாராவது வடக்கேயிருந்து பக்கக் கன்று லாரியில் வருகிறது, மலிவு என்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கவே கிராண்ட் நைன்தான் நிற்கிறது, நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

மாடித்தோட்டம்_மடிப்பாக்கம்:
திசு வளர்ப்பு பற்றி அண்ணன் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே? நானும் அது மரபணு மாற்றம் என்றுதான் இவ்வளவு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தாவரவியல்_டீச்சர்:
இல்லைம்மா. மரபணு மாற்றம் என்றால் வெளியிலிருந்து ஒரு மரபணுவை உள்ளே வைப்பது, அல்லது இருப்பதைத் திருத்துவது. திசு வளர்ப்பில் அந்த வேலையே இல்லை. நல்ல தாய் மரத்தின் கன்றை எடுத்து, மட்டை மட்டையாக உரித்துக்கொண்டே போய், நடுவில் இருக்கிற வளர்நுனியை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். கிருமி நீக்கி, சர்க்கரையும் தாது உப்பும் வளர்ச்சி ஊக்கியும் கலந்த கூழில் வைக்கிறார்கள். சைட்டோகைனின் என்ற ஊக்கி கூடுதலாக இருந்தால் ஒரு நுனியிலிருந்து பல குருத்து வெடிக்கும், அதைப் பிரித்துப் பிரித்து மறுபடி வைப்பார்கள். போதும் என்றதும் ஆக்சின் என்ற இன்னொரு ஊக்கியைக் கொடுத்து வேர் விடவைத்து, நிழல்வலைக்குக் கொண்டுவந்து பழக்குவார்கள். தோட்டத்தில் கிழங்கு தானாகச் செய்கிற வேலைதான் இது, கண்ணாடிக் குடுவைக்குள் வேகமாக நடக்கிறது. ருசி குறைய இதில் காரணமே இல்லை. அதே ரகம் என்றால் அதே பழம்தான். உரம், தண்ணீர், தார் வெட்டுகிற பக்குவம் இதெல்லாம்தான் ருசியை மாற்றும். மறுதாம்பும் வரும்.

ஆனால் இரண்டு குறையைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, அளவுக்கு மீறிப் பிரித்துக்கொண்டே போனால் மாறுதல் கன்றுகள் கிளம்பும், குள்ளம், இலை வடிவ மாற்றம், ஒழுங்கற்ற தார் என்று. நல்ல கூடங்களில் இத்தனை சுற்றுக்கு மேல் போவதில்லை என்று வரம்பு வைத்திருப்பார்கள். இன்னொன்று, தாய் மரத்துக்கு வைரஸ் இருந்து, அதைச் சோதிக்காமல் பெருக்கினால் ஒரு நோயாளி மரம் ஆயிரக்கணக்கான நோயாளிக் கன்றாக ஊரெங்கும் போகும். வளர்நுனியில் வைரஸ் குறைவு என்பது உண்மைதான், இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் வைரஸ் சோதனைச் சான்று கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை இதற்கென்றே ஒரு சான்றளிப்பு முறை வைத்திருக்கிறது. சான்று இல்லை என்று சொல்கிற இடத்தில் எத்தனை மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

சேலத்து_மரவள்ளி:
இழை நல்ல பாதையில் போகிறது, எங்கள் பயிரையும் சேர்க்கிறேன். மரவள்ளியில் இதே கதைதான், ஆனால் எங்களுக்குப் பூஞ்சாணம் பிரச்சினை இல்லை, தேமல் வைரஸ். வெள்ளை ஈ பரப்புகிறது என்று எல்லாரும் ஈயையே திட்டுகிறார்கள். ஈ பரப்புவது உண்மை. ஆனால் சேலம், நாமக்கல் பக்கம் வருடா வருடம் நோயை எடுத்துக்கொண்டு போய்த் தன் கையால் ஊன்றுவது நாம்தான், குச்சி வழியாக.

ஏன் இப்படி ஆகிறது என்றால், கிழங்கு பிடுங்குகிற நேரத்தில் செடியில் அடி இலை எல்லாம் கொட்டிப்போய்த் தண்டு மட்டும்தான் மிச்சம். தேமல் தெரிவது இலையில், தண்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தடியாக இருக்கிறது என்று நோய்ச் செடியின் தண்டையும் சேர்த்துக் கட்டிவைத்து அடுத்த பட்டத்துக்கு வெட்டி ஊன்றிவிடுகிறார்கள். நான் செய்வது வேறு. பயிர் பச்சையாக, இலை நன்றாக விரிந்திருக்கும்போதே வயலில் வரிசை வரிசையாக நடந்து, இலை சுருங்காத, மஞ்சள் திட்டு இல்லாத செடிகளுக்குக் கலர் துணி கட்டிவிடுவேன். பிடுங்கும்போது துணி கட்டிய செடியில் மட்டும் விதைக்குச்சி. அதிலும் அடிக்கட்டையும் வேண்டாம், பச்சை நுனியும் வேண்டாம், நடுத்தண்டு போதும். அதையும் நிழலில் நிமிர்த்தித்தான் சாத்திவைப்பேன்.

15-லிருந்து 20 சென்டிமீட்டர் துண்டு, வெட்டு நசுங்காமல் கூர்மையான கத்தியால், மொட்டு மேலே பார்க்கிற மாதிரி. தலைகீழாக ஊன்றினாலும் சில சமயம் முளைக்கும், ஆனால் கிழங்கு ஒழுங்காகப் பிடிக்காது.

மாடித்தோட்டம்_மடிப்பாக்கம்:
தலைகீழாக வைத்தால் ஏன் ஒழுங்காக வருவதில்லை? குச்சிக்கு மேல் எது, கீழ் எது என்று எப்படித் தெரியும்?

தாவரவியல்_டீச்சர்:
தெரியும்! செடியில் நுனியில் உண்டாகிற ஆக்சின் என்ற ஊக்கி, செல்லுக்குச் செல் ஒரே திசையில், நுனியிலிருந்து அடிப்பக்கம் நோக்கிக் கடத்தப்படுகிறது. கடத்துகிற புரதங்கள் ஒவ்வொரு செல்லிலும் அடிப்பக்கத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன. நாம் குச்சியைத் திருப்பிப் பிடித்தாலும் அந்தச் செல்கள் திரும்பிக்கொள்வதில்லை, ஆக்சின் பழைய அடிப்பக்கமே போய்ச் சேர்கிறது. சேர்ந்த இடத்தில்தான் வேர் கிளம்பும். கடையில் விற்கிற வேர் ஊக்கிப் பொடியும் ஐ.பி.ஏ. என்ற ஆக்சின்தான், அதனால்தான் அதைக் குச்சியின் அடி வெட்டில் தொடுகிறோம். முருங்கைப் போத்துக்குப் பொடியே வேண்டாம், தானே பிடித்துக்கொள்ளும். மாங்குச்சியை எவ்வளவு பொடியில் முக்கி ஊன்றினாலும் வேர் பிடிக்க வைப்பது பெரும் பாடு, அதனால்தான் மாவை ஒட்டுக் கட்டுகிறோம்.

கீழ்மலை_மிளகு:
தாண்டிக்குடி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். குச்சிக்கு மேல் கீழ் தெரிவது மட்டும் இல்லை, தான் செடியில் எந்த இடத்தில் இருந்தோம் என்பதும் நினைவு இருக்கிறது. மிளகில் இதை நன்றாகப் பார்க்கலாம். கொடியின் அடியிலிருந்து தரையில் ஓடுகிற ஓடுகொடியை வெட்டி வைத்தால் அது மரத்தில் ஏறும். காய் பிடிக்கிற பக்கக் கிளையை வெட்டி வேர் பிடிக்க வைத்தால் அது ஏறவே ஏறாது, தரையிலேயே புதராக நின்று காய்க்கும். புதர் மிளகு என்று தொட்டியில் வைத்து விற்கிறார்களே, அது தனி ரகம் இல்லை, பக்கக் கிளையில் எடுத்தது. இரண்டுக்கும் ஒரே மரபுதான், ஆனாலும் கிளை தன் வேலையை மறக்கவில்லை. தோட்டத்துக்கு வைக்க ஆசைப்பட்டுப் பக்கக் கிளையில் எடுத்த கன்றை வாங்கிக்கொண்டு போய், கொடி மரத்தில் ஏறவில்லை என்று வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். எந்தக் கிளையில் எடுத்தது என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் வாழை. எங்கள் மலையின் விருப்பாட்சி, அந்தப் பக்கம் சிறுமலை. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிழல், வருமானத்துக்கு வருமானம் என்று தலைமுறை தலைமுறையாக நின்ற வாழை. பழனி பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழம்தான் வேண்டும், நீர் குறைவு, சீக்கிரம் கெடாது. அதை முடிகொத்து நோய் அழித்தது. இலை குட்டையாகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும், தாரே வராது. அசுவினிப் பூச்சி செடிக்குச் செடி கொண்டுபோனது. ஆனால் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு, மலையிலிருந்து மலைக்குக் கொண்டுபோனது கன்று கொடுத்து வாங்குகிற நம் பழக்கம்தான். பாசத்தோடு கொடுத்த கன்று. பின்னால் வைரஸ் இல்லாத தாய் மரத்தைத் தேடிப் பிடித்து, சோதித்து, திசு வளர்ப்பில் பெருக்கிக் கொடுத்த பிறகுதான் மலை வாழை மறுபடி தலைதூக்கியது. திசு வளர்ப்பைச் சந்தேகமாகப் பார்க்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். நாட்டு ரகத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததும் அதே கண்ணாடிக் குடுவைதான்.

நாட்டுவிதை_நண்பன்:
எல்லாம் படித்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், இயற்கை விதையைத்தானே வைத்திருக்கிறது? ஒரே செடியை வெட்டி வெட்டி வைத்தால் தலைமுறைக்குத் தலைமுறை வீரியம் குறையத்தான் செய்யும். எங்கள் ஊரில் ஒரே கரும்பு ரகத்தை வருடக் கணக்கில் போட்டு, தூர் கட்டுவதே குறைந்துபோச்சு. செடிக்கும் வயசு ஆகும் இல்லையா?

சேலத்து_மரவள்ளி:
வீரியம் குறைகிறது என்பது கண்ணால் பார்க்கிற உண்மை நண்பரே, காரணம்தான் வயசு இல்லை. ஒவ்வொரு பட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நோய் சேர்ந்துகொண்டே வருகிறது. கரும்புக் கரணைக்கும் (ஊன்றுகிற தண்டுத் துண்டு) மரவள்ளி விதைக்குச்சிக்கும் தனி நாற்றங்கால் வைத்துச் சுத்தமாகப் பராமரித்தால் அதே ரகம் மறுபடி பழையபடி நிற்கும்.

தாவரவியல்_டீச்சர்:
ஆமாம். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பாண்டோ என்று ஒரு ஆஸ்பென் தோப்பு, சுமார் 43 ஹெக்டேர், நாற்பதாயிரத்துக்கு மேல் அடிமரம், எல்லாம் ஒரே வேர்த்தொகுதியிலிருந்து கிளம்பிய ஒரே செடி. பல ஆயிரம் வருடமாக இருக்கிறது. வெட்டி வைப்பதால் மட்டுமே செடி கிழடாகிவிடும் என்றால் அது எப்போதோ போயிருக்க வேண்டும்.

கரும்பில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கரணையோடு வருகிற நோய், புல்தண்டு நோய், செவ்வழுகல், இப்படி. கரணையை 50 டிகிரிச் சூட்டில் நேர்த்தி செய்வது எதற்கு? செடிக்கு வயசைக் குறைக்கவா? உள்ளே இருக்கிற நோய்க்கிருமியைக் கொல்லத்தான்.

ஆனால் உங்கள் கருத்தில் ஒரு பாதி எனக்கு முழுச் சம்மதம். விதை இல்லாவிட்டால் புதிது எதுவும் வராது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் 1912-லிருந்து செய்வது அதைத்தான். கரும்பைப் பூக்கவைத்து, காட்டுக் கரும்போடு கலந்து, விதை எடுத்து, நாற்று விட்டு, அதில் ஆயிரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1918-ல் வெளியான கோ 205 நாம் தின்னும் கரும்பும் காட்டு நாணலும் சேர்ந்து வந்ததுதான். தேர்ந்தெடுத்த அந்த ஒன்றை அப்படியே ஊருக்கெல்லாம் கொடுக்க மட்டும் கரணை. இரண்டும் வேண்டும். விதை தேடித் தரும், கரணை காப்பாற்றித் தரும். உயர்ந்தது எது என்று சண்டை போட இதில் ஒன்றும் இல்லை.

நாஞ்சில்_தோப்பு:
விதை என்றாலே கலப்புதான் என்பதும் முழுக்கச் சரி கிடையாது டீச்சர். எங்க பக்கமும் மலையாளக் கரையிலும் சில நாட்டு மாவில் ஒரு கொட்டை போட்டால் இரண்டு மூன்று நாற்று முளைக்கும். அதில் அனேகமாக எல்லாம் தாய் மாதிரியே காய்க்கும். ஒட்டே கட்டாமல் அப்பா வைத்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. வெள்ளைக் கொழும்பான், ஒளோர் எல்லாம் அந்த வகைதான் என்று சொல்வார்கள்.

தாவரவியல்_டீச்சர்:
அருமை, இதைச் சொல்ல ஆள் வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன். பல்கரு விதை. சூலுக்குள் கருவைச் சுற்றியிருக்கிற தாய்த் திசு தானே கருவாக மாறிவிடுகிறது. வெளியே பார்த்தால் விதை, உள்ளே நடந்திருப்பது பால் கலப்பில்லாத நகல். எலுமிச்சைக் குடும்பத்திலும் இது உண்டு. அதனால்தான் அந்த மாக்களின் நாற்றை வேர்ச்செடியாக (ஒட்டுக் கட்ட அடியில் வைக்கிற செடி) விரும்புகிறார்கள், எல்லாம் ஒரே சீராக வரும். இதில் இன்னொரு நன்மை, விதை வழியாக வருவதால் பல வைரஸ்கள் கழன்றுகொள்ளும். நகலும் கிடைக்கிறது, வடிகட்டியும் கிடைக்கிறது.

ஆனால் பங்கனபள்ளி, செந்தூரா, அல்போன்சாவில் இதை எதிர்பார்க்காதீர்கள், அவை ஒரு கரு ரகங்கள். கொட்டை போட்டால் என்ன வரும் என்று காய்த்த பிறகுதான் தெரியும், அதற்கும் ஏழெட்டு வருடம் ஆகலாம். ஒட்டு மட்டும் மூன்று நாலு வருடத்தில் ஏன் காய்க்கிறது தெரியுமா? ஒட்டுக்குச்சி எடுத்தது காய்த்துக்கொண்டிருக்கிற மரத்தில். அந்தக் குச்சி ஏற்கெனவே பருவம் வந்தது. கீழ்மலை நண்பர் மிளகில் சொன்ன அதே சங்கதி.

மாடித்தோட்டம்_மடிப்பாக்கம்:
டீச்சர், சின்னக் கேள்வி. மஞ்சள் ஓரம் போட்ட பாம்புச் செடி இருக்கிறதே, அதன் ஒரு இலையைத் துண்டாக வெட்டி மணலில் வைத்தேன். அழகாகக் குட்டி போட்டது, ஆனால் குட்டி எல்லாம் வெறும் பச்சை, மஞ்சள் ஓரமே காணோம். நகல் என்றால் ஓரமும் வர வேண்டாமா?

தாவரவியல்_டீச்சர்:
வராது. அந்தச் செடியில் இரண்டு வகை செல் அடுக்கு ஒன்றாக வாழ்கின்றன, ஓரத்தில் பச்சையம் செய்யத் தெரியாத அடுக்கு, நடுவில் பச்சை அடுக்கு. இலை வெட்டிலிருந்து கிளம்புகிற புது மொட்டு பச்சை அடுக்குச் செல்லிலிருந்து உருவாகிறது, அதனால் குட்டி பச்சை. மண்ணுக்கு அடியில் இருக்கிற கிழங்குத் தண்டைக் குருத்தோடு பிரித்து வையுங்கள். அந்தக் குருத்தில் இரண்டு அடுக்கும் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் ஓரம் அப்படியே வரும். நகல் எடுக்கிற இடம் எது என்பதில் இவ்வளவு இருக்கிறது.

நாஞ்சில்_தோப்பு:
செவ்வாழையிலும் இது நடக்கும். செவ்வாழைக் கன்று என்று வைத்தது திடீரென்று தண்டும் காயும் பச்சையாக வரும், வியாபாரி ஏமாற்றிவிட்டான் என்று சண்டை போடுவார்கள். சில சமயம் ஏமாற்றாகவும் இருக்கலாம். ஆனால் நல்ல செவ்வாழை மூட்டிலேயே (ஒரே கிழங்கின் தூரிலேயே) பச்சைக் கன்று கிளம்புவதை நானே பார்த்திருக்கிறேன், ஒரே மூட்டில் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை. அந்தப் பச்சையைப் பெயர்த்து வைத்தால் அது பச்சையாகத்தான் போகும்.

கொள்ளிடக்கரை:
இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. சித்தப்பாவிடம் கிழங்கை வெட்டிக் காட்டினேன். செம்பழுப்பு நன்றாகவே தெரிந்தது, அவரே வேண்டாம் என்றுவிட்டார். இப்போது திசு வளர்ப்பு ரஸ்தாளி வாங்கினால் என் வயலில் வாடல் வராது என்று நம்பலாமா? என் நிலத்தில் போன மூன்று போகம் நெல்தான்.

தேனி_வாழை:
அப்படி நம்ப வேண்டாம். திசு வளர்ப்புக் கன்று சுத்தமாக வருகிறது, அவ்வளவுதான். ரஸ்தாளி ரஸ்தாளிதான், உங்கள் மண்ணில் பூஞ்சாணம் இருந்தால் சுத்தமான கன்றுக்கும் வாடல் வரும். நெல் போட்ட நிலம் என்பது நல்ல செய்தி, தண்ணீர் கட்டி நிற்கிற நிலத்தில் இந்தப் பூஞ்சாணம் குறையும். சித்தப்பா தோட்டத்து வடிகால் தண்ணீர் உங்கள் வயலுக்குள் வராதபடி வரப்பை உயர்த்துங்கள், அங்கே போன மண்வெட்டியைக் கழுவாமல் உங்கள் வயலில் வைக்காதீர்கள். ரஸ்தாளி மறுதாம்பு விடாமல் ஒரு பயிரோடு நிறுத்தி மறுபடி நெல்லுக்குப் போவது நல்லது. சித்தப்பாவுக்குச் சொல்லுங்கள், அந்த நிலத்தில் இனி ரஸ்தாளியும் வேண்டாம், கற்பூரவல்லியும் வேண்டாம், கற்பூரவல்லியையும் இது தாக்கும். பூவன் இந்த வாடலை ஓரளவு தாங்கும், அதையும் வெளியிலிருந்து சுத்தமான கன்றாகக் கொண்டுவந்து வைக்கட்டும். திருச்சியிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, மண்ணையும் செத்த கிழங்கையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள், உங்களுக்குப் பக்கம்தானே.

கொள்ளிடக்கரை:
சரி அண்ணா. தொட்டியம் பக்கம் ஒருவர் தோட்டத்தில் வாடலே இல்லாத ரஸ்தாளி இருக்கிறது, கால் ஏக்கருக்கு அங்கே கன்று எடுக்கலாம், மீதிக்குத் திசு வளர்ப்பு என்று யோசிக்கிறேன். பக்கக் கன்றில் எதைப் பார்த்து எடுப்பது?

கீழ்மலை_மிளகு:
ஈட்டிக் கன்றாக எடுங்கள். இலை ஒடுக்கமாக, வாள் மாதிரி நீட்டிக்கொண்டு, அடி பருத்திருக்கும். ஆழத்தில் தாய்க் கிழங்கோடு நன்றாகப் பிடித்து வந்தது அது. சின்ன வயதிலேயே அகலமாக இலை விரித்துக்கொண்டு, அடி சூம்பி நிற்கிறதே, அது நீர்க் கன்று. பார்க்கச் செழிப்பாக இருக்கும், கிழங்கில் ஒன்றும் இருக்காது, தாரும் சிறுக்கும். கிழங்கு ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ இருக்கட்டும், எல்லாம் ஒரே அளவாக எடுத்தால் ஒரே சமயத்தில் தார் வரும்.

எடுத்த இடத்திலேயே மண்ணை உதறிவிட்டு, வேரை எல்லாம் சீவி, கிழங்கின் மேல்தோலை மெல்லிசாகச் சீவுங்கள். தோசைக்கல் மாதிரிக் கறுத்த தோல் போய் உள்ளே பால் வெள்ளையாக வர வேண்டும். சீவிய இடத்தில் செம்பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் அந்தக் கன்றையும் வேண்டாம், அந்த மூட்டின் மற்றக் கன்றையும் வேண்டாம். சின்ன ஓட்டையும் அதில் மாவு மாதிரித் தூளும் இருந்தால் கூன்வண்டு. வேரில் கறுப்புத் தழும்பு இருந்தால் நூற்புழு, சீவும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். சீவுகிற கத்தியை ஒவ்வொரு மூட்டுக்கும் துடையுங்கள். சீவிய தோலை உங்கள் வயலுக்குக் கொண்டுவராதீர்கள், அங்கேயே விட்டுவிடுங்கள்.

தேனி_வாழை:
ஒரே ஒரு திருத்தம், கால் ஏக்கர் பக்கக் கன்றையும் மீதித் திசு வளர்ப்பையும் ஒன்றுக்குள் ஒன்றாக நடாதீர்கள். பக்கக் கன்றுப் பாத்தி தண்ணீர் வடிகிற கடைசி மூலையில் இருக்கட்டும். அதில் ஏதாவது கிளம்பினாலும் தண்ணீரோடு மற்ற பாத்திக்குப் போகாது. திசு வளர்ப்புக் கன்று வாங்கும்போது நாலைந்து நல்ல இலை விட்டு, நிழல்வலையில் பழகியதாக எடுங்கள். குடுவையிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆனது என்றால் வெயிலில் கருகிவிடும். அதற்குக் கிழங்கில் சேமிப்பு கிடையாது, முதல் இரண்டு மாதம் காய விடக் கூடாது. அசுவினி வருகிறதா என்று குருத்து மட்டையை விலக்கிப் பாருங்கள்.

கொள்ளிடக்கரை:
மூலை சரியாக அமைகிறது, எனக்குக் கிழக்கே வடிகால். சான்று இருக்கிற கூடத்தில் கன்று சொல்லிவைத்துவிட்டேன், வர ஒரு மாதம் ஆகுமாம். அதுவரைக்கும் பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைத்து மடக்கி உழலாம் என்று இருக்கிறேன், யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் சொல்லுங்கள்.

தேனி_வாழை:
தாராளமாக விதையுங்கள், ஆனால் ஒரு மாதம் போதாது. சணப்பு பூ எடுக்கிற நேரத்தில், 45 நாள் வாக்கில் மடக்கி உழுது, மட்க ஒரு இரண்டு வாரம் விட்டு அப்புறம் குழி எடுங்கள். கூடத்தில் பேசிக் கன்றை ஒரு மாதம் தள்ளி வாங்கிக்கொள்ளுங்கள், நிழல்வலையில் கூட ஒரு இலை விட்டு வந்தால் உங்களுக்குத்தான் லாபம்.